கருமாதிக்குப் பிறகு கொடுக்க வேண்டிய கடிதங்கள்: உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்வது எப்படி

எங்கள் அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக வீட்டை ஒதுங்கவைத்தபோது, மரப் பீரோவின் மேல்தட்டில் கிடந்த பழைய மொய் நோட்டுக்குள்ளிருந்து, ஒட்டப்பட்ட இன்லண்டுக் கடிதம் ஒன்று கீழே விழுந்தது. திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தையின் பெயர் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் அதன்மேல் எழுதப்பட்டிருந்தது. அஞ்சல் முத்திரை இல்லை. அத்தை அதற்கு முந்தைய ஆடியில்தான் இறந்திருந்தார். கடிதத்தை அத்தையின் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். உலை கொதித்துக்கொண்டிருக்க, அடுப்படியில் நின்றபடியே அவள் ஓரத்தைக் கிழித்துப் படித்தாள். அவளுடைய காதுகுத்துக்குத் தாய்மாமனாகிய தான் வராமல் போனதற்கும், அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் வேறொருவர் உட்கார நேர்ந்ததற்கும் தங்கையிடம் அப்பா மன்னிப்புக் கேட்டிருந்தார். "அம்மா இருந்திருந்தா..." என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் தணித்தாள்.

எழுதுவதுதான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்பா எழுதிவிட்டார். அதை இன்னாரிடம் கொடுத்துவிடு என்று எங்களில் ஒருவரிடமாவது சொல்லிவைக்காததால், எழுதியது வீணாயிற்று. அன்றிலிருந்து என் உறவிலும் நட்பிலும், வயதானவர்களுக்கும் நோயில் படுத்தவர்களுக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வகை பிரித்துக்கொள்ளுங்கள்

இறந்த பிறகு தெரிவிக்க வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போடுவதுதான் முதல் தவறு. சில செய்திகள் முதல் மணி நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும். கண் தானம் செய்ய விரும்பினால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் எங்கள் மதுரையில், அந்த விருப்பத்தைக் கடிதத்தில் எழுதி ஒட்டிவைத்துவிட்டு, பதினாறாம் நாள் அதைப் பிரித்துப் பார்த்துக் குடும்பத்தார் கலங்குவது மிகவும் வேதனையானது. மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுப்பது, தத்தனேரிச் சுடுகாட்டில் எரிப்பதா சொந்த ஊரில் அடக்கம் செய்வதா, யார் கொள்ளிவைப்பது ஆகியவற்றையும் கடிதத்தில் எழுதக் கூடாது. இவற்றை வீட்டில் உள்ளவர்களிடம் வாயால், ஒருமுறைக்கு இருமுறை, இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வகை சொத்து. வீடு, நிலம், நகை, வங்கிப் பணம் பற்றிய எந்த ஏற்பாடும் உயிலில்தான் இருக்க வேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, உயிலில் எழுதியவரின் கையெழுத்தோடு குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. செல்போனில் பேசிப் பதிந்த வீடியோவோ மின்னஞ்சலோ உயிலாகாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. எனவே, "மேலத் தோட்டத்தைச் சின்னவன் வைத்துக்கொள்ளட்டும்" என்பது போன்ற ஒரு வரியைக்கூட அன்புக் கடிதத்தில் எழுதாதீர்கள். உயிலில் ஒன்றும் கடிதத்தில் வேறொன்றும் இருந்தால், அண்ணன் தம்பிக்குள் வழக்கு வரும். கடிதத்தின் முதல் வரியிலேயே "இது உயில் அன்று, சொத்து எதையும் பற்றியதன்று" என்று எழுதிவிடுவது நல்லது.

மாறாக, மனதில் உள்ளதை உயிலுக்குள் எழுதுவதும் தவறுதான். உயிலைப் பதிவு செய்தால் அது பதிவு அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகிறது. எழுதியவர் இறந்த பிறகு, கேட்கும் எவருக்கும் அதன் நகலைக் கொடுக்க 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. மாவட்டப் பதிவாளரிடம் உயிலை மூடி முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கும் வசதியும் அதே சட்டத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது, நல்ல வசதிதான். ஆனால் அந்த உறையும் இறப்புக்குப் பின் விண்ணப்பித்தவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டு, உள்ளிருப்பது புத்தகத்தில் படியெடுக்கப்படும். மனைவிக்கு எழுதிய வரிகளை அதற்குள் வைக்காதீர்கள்.

மீதமிருப்பதுதான் நம் பொருள்: நன்றி, மன்னிப்பு, பாராட்டு, அறிவுரை, குடும்பக் கதை, சொல்லாமல் விட்ட அன்பு.

கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள்

இந்த ஏற்பாட்டில் எல்லாமே இந்த ஓர் ஆளைப் பொறுத்தது. இறந்த பிறகு மின்னஞ்சல் அனுப்பித் தருகிறோம் என்று பணம் வாங்கும் இணையச் சேவைகள் வருகின்றன, சில ஆண்டுகளில் காணாமலும் போகின்றன. நாற்பது வயதில் பணம் கட்டியவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், அந்த நிறுவனமும் அதுவரை வாழ வேண்டும். நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சில மணி நேரத்துக்குள் கேதம், அதாவது இறப்புச் செய்தி, சொல்லி முடித்துவிடுகிறோம். மேலூரில் இருப்பவருக்கும், திருப்பூரில் வேலை பார்ப்பவருக்கும், சிங்கப்பூரில் இருப்பவருக்கும் ஆள் ஆளாகத் தகவல் போய்விடுகிறது. அந்த வழி எந்த இயந்திரத்தையும்விட உறுதியானது. உங்கள் கடிதமும் அந்த வழியிலேயே போகட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று. உங்களைவிடப் பதினைந்து இருபது வயதாவது இளையவராக இருக்க வேண்டும். உங்கள் சொத்தில் பங்கோ, பங்கு குறித்த மனத்தாங்கலோ இல்லாதவராக இருக்க வேண்டும். அதனால் பங்காளிகளைத் தவிர்த்துவிட்டு, அக்காள் மகளையோ நெடுநாள் நண்பரின் மகனையோ கேட்பதுதான் பெரும்பாலும் சரியாக வருகிறது. மூன்றாவதாக, உங்கள் வீட்டுக் கேதத்துக்கு எப்படியும் வந்து நிற்கக் கூடியவராக இருக்க வேண்டும். வழக்கறிஞரிடம் கொடுத்துவைப்பதில் தவறில்லை, ஆனால் நீங்கள் இறந்த செய்தியை அவருக்கு யார் சொல்வது என்பதையும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

அவரை நேரில் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேளுங்கள். "எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது, ஒரு முன்னேற்பாடுதான்" என்று தொடங்கினால் அபசகுனம் என்று பேச்சை மாற்ற மாட்டார்கள். பிறகு இரண்டாவதாக இன்னொருவரையும் பிடியுங்கள். கடிதங்கள் முதலாமவரிடம் இருக்கட்டும். எத்தனை கடிதம், யார் யாருக்கு, எப்போது என்ற பட்டியல் இரண்டாமவரிடம் இருக்கட்டும். முதலாமவர் மறந்தாலும், வெளிநாடு போனாலும், உங்களுக்கு முன்பே இறந்தாலும், பட்டியல் வைத்திருப்பவர் கேட்பார். இந்த இரட்டை ஏற்பாடு செய்த வீடுகளில் ஒரு கடிதமும் தவறியதில்லை.

பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வரிசை எண், பெறுபவரின் பெயரும் உறவும், ஊரும் தொலைபேசி எண்ணும், எப்போது கொடுக்க வேண்டும், கொடுத்த தேதி என்று ஐந்து கட்டங்கள் போதும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். உறையின் மேல் அதே வரிசை எண்ணை எழுதி, "என் மூத்த மகளுக்கு, அவள் மட்டும், தனியாக இருக்கும்போது பிரிக்கவும்" என்று எழுதுங்கள். அந்தப் பெறுநர் உங்களுக்கு முன்பே இறந்துபோனால் கடிதத்தை அவர் பிள்ளைகளிடம் கொடுப்பதா, எரித்துவிடுவதா என்பதையும் பட்டியலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி இல்லாததால், அத்தை மகளிடம் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று நாங்கள் இரண்டு நாள் தடுமாறினோம்.

எழுதும்போது

ஒருவருக்கு ஒரு கடிதம். பிள்ளைகள் மூவருக்கும் பொதுவாக ஒன்று எழுதினால், அது யார் கையில் இருப்பது என்பதே பிரச்சினையாகிவிடும். நீளம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நீங்கள் பேசுவது போலவே எழுதுங்கள்; மகனை வீட்டில் "ஏலே" என்று கூப்பிடுபவர் கடிதத்தில் "அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்கினால், படிப்பவனுக்கு அப்பாவின் குரல் கேட்காது.

பொதுவான புகழ்ச்சியைவிட, நடந்த ஒரு காட்சியை எழுதுவது நெடுநாள் நிற்கும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மருமகளுக்கான கடிதத்தை என்னையே எழுதித் தரச் சொன்னார். கை நடுக்கத்தால் அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நீ தெனமும் ரசஞ்சோத்தக் கரைச்சு வடிகட்டித் தூக்குவாளியில கொண்டாந்தே, ஒரு நாளும் சூடு ஆறி வந்ததில்ல" என்பதுதான் அதன் நடுவில் இருந்த வரி. அதற்கு மேல் நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. பிறர் எழுதித் தந்தால், எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்பதாக இருந்தால், செய்த தவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகள்" என்பது சுவரொட்டிக்குரிய வாசகம். ஆனால் இயன்றவரை அந்த மன்னிப்பை உயிரோடிருக்கும்போதே நேரில் கேட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கடிதம் வாங்குபவருக்குத் திருப்பிப் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதே காரணத்தால்தான் கோபத்தையும், பழைய கணக்கையும், உயிரோடிருக்கும் மூன்றாவது ஒருவரின் இரகசியத்தையும் இதில் எழுதக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். இறந்தவர் விட்டுச்சென்ற குற்றச்சாட்டுக்கு யாரும் மறுமொழி கொடுக்க முடியாது. அது வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் கிடக்கும்.

சிறு குழந்தைகளை விட்டுப் பிரிய நேரும் தாய்மார்கள், "சமைந்தபோது", "கல்யாணத்தன்று", "முதல் பிள்ளை பிறந்ததும்" என்று நிகழ்ச்சிகளுக்காக எழுதிவைக்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை இயல்பானது. ஆயினும் மகள் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருக்கலாம், பிள்ளை பிறக்காமல் போகலாம். அப்போது பிரிக்கப்படாத அந்த உறையே அவளைக் குத்திக்காட்டும். அதனால் பதினைந்து வயது, இருபத்தொரு வயது, முப்பது வயது என்று வயதைக் குறித்து எழுதுங்கள். வயது எப்படியும் வரும்.

காகிதமும் குரலும்

நல்ல தடித்த வெள்ளைத் தாளில் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். தண்ணீர் பட்டால் கரையும் ஜெல் பேனா மை வேண்டாம். குண்டூசி துருப்பிடிக்கும், ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும், செலோடேப் மஞ்சளாகிப் பிரிந்துவரும்; எனவே தாளை மடித்து உறையிலிட்டுப் பசையால் ஒட்டினால் போதும். எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஏடுகளுக்கு வைத்ததுபோல் ஒரு துண்டு வசம்பும் போட்டுவைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாது. டப்பாவைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள், கரையான் வரும். வங்கி லாக்கர் பாதுகாப்பானதாகத் தோன்றலாம். ஆனால் இறப்புக்குப் பின், சான்றிதழும் விண்ணப்பமும் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட்ட பிறகே திறந்து தருவார்கள். தனிக் கடிதத்துக்கு அது ஏற்ற இடமன்று.

எழுதத் தெரியாதவர்களும் எழுதக் களைப்பவர்களும் செல்போனில் குரலைப் பதியலாம். என் அனுபவத்தில், பேரப் பிள்ளைகளுக்குக் கடிதத்தைவிடக் குரல்தான் பெரிது. மின்விசிறியை அணைத்துவிட்டு, தெருப்பக்கச் சன்னலைச் சாத்திவிட்டு, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, முதலில் இன்ன தேதி, இன்னாருக்குப் பேசுகிறேன் என்று சொல்லித் தொடங்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். இருமினால் நிறுத்த வேண்டாம். அந்த இருமலும் பிறகு வேண்டியிருக்கும். பதிவை எம்பி3 கோப்பாக இரண்டு பென் டிரைவில் ஏற்றி இரண்டு வீட்டில் வையுங்கள். மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பென் டிரைவ் தானாகவே பழுதாகக் கூடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதில் படியெடுத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்திருப்பது போதாது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடுகிறது.

கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக்

படங்களும் மின்னஞ்சல்களும் நிறைய வைத்திருப்பவர்கள், ஆள் ஏற்பாட்டோடு சேர்த்து இவற்றையும் செய்துவைக்கலாம். அதற்குப் பதிலாக அன்று. கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கை நிர்வகிக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு மாதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அவ்வளவு காலம் கணக்கு அசையாமல் இருந்தபின், நீங்கள் குறித்துவைத்த பத்துப் பேர் வரை, முன்கூட்டி எழுதிய செய்தி தானாகவே மின்னஞ்சலில் போகும். படங்கள், மின்னஞ்சல்கள் முதலியவற்றில் எந்த வகை யாருக்கு என்பதையும் அங்கேயே பிரித்துவிடலாம். செய்தி போவதற்கு முன் உங்களுக்கு எச்சரிக்கையும் வரும்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தாத்தா இறந்தால் அவருடைய போன் அடுத்த வாரமே பேரன் கைக்குப் போய்விடுகிறது. தாத்தாவின் கணக்கிலிருந்து வெளியேறாமல் அவன் அதில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்வரை, தாத்தா உயிரோடிருப்பதாகவே கூகுள் எண்ணிக்கொண்டிருக்கும். செய்தி போகவே போகாது. போனை என்ன செய்வது என்பதையும் கடிதம் வைத்திருப்பவரிடம் சொல்லிவையுங்கள். சிம் கார்டு வேறு விஷயம்: ப்ரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கப்பட்டுப் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம் என்பதால், படங்களையும் தொடர்புகளையும் எடுத்து முடிக்கும்வரை அதை உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐந்து பேர் வரை மரபுத் தொடர்பாளராக (Legacy Contact, இறந்த பிறகு கணக்கைத் திறந்து பார்க்க உரிமை பெறுபவர்) நியமிக்கலாம். அவர்களுக்குக் கிடைக்கும் அணுகல் சாவியை அச்சிட்டுக் கடிதங்களோடு வையுங்கள். அதோடு இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால்தான் ஆப்பிள் திறந்துவிடும். ஃபேஸ்புக்கிலும் ஒருவரை நியமிக்கலாம், அவரால் உங்கள் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. இப்படிப் பலவற்றுக்கும் இறப்புச் சான்றிதழே திறவுகோல் என்பதால், இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்துவையுங்கள்.

கொடுக்கும் நாள்

கடிதம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இது. கேதத்தன்று கொடுக்காதீர்கள். அன்று பந்தலும் மேளமும் நீர்மாலையும் கோடியும் வருவோர் போவோருமாக இருக்கும். கடிதத்தை வாங்கியவர் எங்கேயாவது செருகிவிடுவார், அல்லது நாலு பேர் சுற்றி நின்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். பால் தெளிக்கும் நாளும் வேண்டாம். கருமாதி முடிந்து, வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வீட்டில் முதல்முறையாக வெறுமை தெரியும். அதன்பின் வரும் ஒரு வாரத்துக்குள், மாலை நேரத்தில், அவரவர் வீட்டுக்கே போய்க் கொடுங்கள்.

"மாமா இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக, தனியாப் படிக்கச் சொன்னாக" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்கள் அங்கிருக்கும்போதே பிரித்தால் இருங்கள். பிரிக்காவிட்டால் காத்திருக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று அன்றும் கேட்காதீர்கள், பிறகும் கேட்காதீர்கள். வாங்க மறுப்பவர்களும் உண்டு. வற்புறுத்தாமல், "எங்கிட்டதான் இருக்கு, வேணுங்கிறப்ப சொல்லுங்க" என்று சொல்லி எடுத்துவந்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டு வாங்கிய ஒருவரை நான் அறிவேன்.

வெளியூரில் இருப்பவர்கள் கருமாதிக்கு வந்திருக்கும்போதே கையில் கொடுத்துவிடுவது மேல். வர முடியாதவர்களுக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். 2025-இல் பதிவுத் தபால் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டதால், முகவரிக்குரியவரிடமே ஒப்படைக்கும் பதிவு வசதியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இறந்தவரின் கையெழுத்தில் திடீரென்று ஓர் உறை வந்து விழுந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

ஆண்டுக்கொருமுறை

கடிதங்களை எழுதி ஒப்படைத்த பிறகும் ஆண்டுக்கொருமுறை டப்பாவை வாங்கிப் பாருங்கள். மதுரைக்காரர்களுக்கு மறக்காத நாள் வேண்டுமென்றால், கள்ளழகர் மலைக்குத் திரும்பிய மறுநாளை வைத்துக்கொள்ளலாம். உறவுக்காரர்கள் எப்படியும் ஊருக்குள் இருப்பார்கள். முகவரி மாறியிருந்தால் பட்டியலைத் திருத்துங்கள். சண்டை தீர்ந்துபோய்த் தேவையில்லாமல் ஆன கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். புதிதாக எழுதியதைப் போடும்போது பழையதை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒருவருக்கே இரண்டு கடிதம் போய், ஒன்றில் வருத்தமும் மற்றொன்றில் மகிழ்ச்சியும் இருந்தால் எது கடைசிச் சொல் என்று தெரியாமல் தவிப்பார். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் தேதி இருக்கட்டும்.

கடைசிக் கடிதத்தையும் கொடுத்து முடித்ததும், பட்டியலின் ஐந்தாவது கட்டத்தில் தேதியை எழுதி, கடிதம் வைத்திருந்தவரும் பட்டியல் வைத்திருந்தவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். முப்பது வயதுக்கென்று எழுதிய கடிதம் இருந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் பல ஆண்டுகள் காலியாகவே இருக்கும். அதுவரை டப்பாவும் பட்டியலும் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.